வைட்டமின் டி நுரையீரலைக் காக்குமா?

வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் வரும், மூச்சிரைப்பு குறையும் என்ற செய்தியை உங்களில் பலர் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பார்த்திருப்பீர்கள். பொய்ச் செய்தி என்று அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வின் கதை பாதியிலேயே நின்றுவிட்டது. மீதிக் கதை நம் கைப்பேசிகளை வந்தடையவே இல்லை.

முதல் பாதியை முதலில் பார்ப்போம். உலகெங்கும் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் சோதித்து, மொத்தத்தில் அவை என்ன சொல்கின்றன என்று மதிப்பிடும் அமைப்பு காக்ரேன். மருத்துவ உலகில் அதன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 2016 செப்டம்பரில் அது வைட்டமின் டி, ஆஸ்துமா பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 435 சிறுவர்கள் பங்கேற்ற ஏழு ஆய்வுகளும் 658 பெரியவர்கள் பங்கேற்ற இரண்டு ஆய்வுகளும் அதில் இடம்பெற்றன.

முடிவு உற்சாகமூட்டியது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டிய அளவுக்குக் கடுமையான ஆஸ்துமா தாக்குதல், ஆளுக்கு ஆண்டுக்கு 0.44 என்ற சராசரியிலிருந்து 0.28 ஆகக் குறைந்திருந்தது. அதாவது, நூறு பேரை ஓராண்டு கவனித்தால் 44 முறை வர வேண்டிய தாக்குதல் 28 முறைதான் வந்தது. தாக்குதல் முற்றி மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேரிலிருந்து ஏறத்தாழ மூன்று பேராகக் குறைந்தனர். விலை மலிவான, எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு மாத்திரைக்கு இது பெரிய வெற்றி. உலக நாளேடுகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கியதில் வியப்பில்லை.

இப்போது இரண்டாம் பாதி. 2023 பிப்ரவரியில் காக்ரேன் அதே கேள்வியை மறுபடியும் ஆராய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்த புதிய ஆய்வுகளையும் சேர்த்து மொத்தம் 20 ஆய்வுகள். 1,155 சிறுவர்கள், 1,070 பெரியவர்கள். இம்முறை கிடைத்த விடை: வைட்டமின் டி கடுமையான தாக்குதலைக் குறைப்பதாகத் தெரியவில்லை, ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்த உதவுவதாகவும் தெரியவில்லை.

இரண்டு அறிக்கைகளிலும் பங்காற்றியவர்களில் ஒருவர், லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏட்ரியன் மார்ட்டினோ. வைட்டமின் டியும் சுவாச நோயும் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். தாம் முன்பு நம்பிக்கையோடு வெளியிட்ட முடிவு, புதிய சான்றுகளின்முன் நிற்கவில்லை என்று தெரிந்ததும், அதைத் தம் பெயரிலேயே வெளியிட்ட குழுவில் அவரும் இருந்தார். அறிவியல் நேர்மையாக நடக்கும்போது இப்படித்தான் நடக்கும். ஆனால் 'பலன் உண்டு' என்ற செய்தி ஓடிய வேகத்தில் 'பலன் தெரியவில்லை' என்ற செய்தி ஓடவில்லை.

ஏன் இந்த நம்பிக்கை?

நான் மருந்தியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே தேடியபோது, அதன் வேர் மிகப் பழையது என்று தெரிந்தது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நோயாளிகளை வெயிலில் படுக்கவைத்தார்கள். மீன் எண்ணெய் குடிக்கக் கொடுத்தார்கள். தோலில் வரும் காசநோய்க்கு ஒளியைக் கொண்டு சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

ஒரு நூற்றாண்டு கழித்து அதற்கு ஓர் அறிவியல் விளக்கமும் கிடைத்தது. கிருமி உடலில் நுழைந்ததும் நம் நோயெதிர்ப்பு அணுக்கள் வைட்டமின் டியைப் பயன்படுத்திக் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கின்றன என்று 2006ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. ஆஸ்துமா தாக்குதல் பலவற்றைத் தூண்டுவது சளிக்காய்ச்சல் கிருமிதான். ஆகவே வைட்டமின் டி கிருமியைத் தடுத்தால் தாக்குதலும் குறைய வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

ஆய்வுக்கூடத்தில் பொருந்துவது மனிதரிடமும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. மங்கோலியாவில் 8,851 பள்ளிச் சிறுவர்களுக்கு நடத்தப்பட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பாதிப் பேருக்கு மூன்றாண்டுகள் வாரந்தோறும் 14,000 அனைத்துலக அலகு வைட்டமின் டி கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு மருந்துச் சத்து இல்லாத மாத்திரை. அந்தச் சிறுவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி மிகக் குறைவாகவே இருந்தது. மாத்திரை கொடுத்ததும் இரத்தத்தில் அதன் அளவு நன்றாகவே ஏறியது. ஆனால் காசநோய்க் கிருமி தொற்றுவது குறையவில்லை. 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது.

ஆஸ்துமாவிலும் அதே கதைதான். அமெரிக்காவில் வைட்டமின் டி குறைவாக உள்ள 6 வயது முதல் 16 வயது வரையிலான 192 சிறுவர்களுக்கு நாளுக்கு 4,000 அலகு கொடுத்துப் பார்த்தார்கள். இனித் தொடர்ந்தாலும் பலன் தெரியப்போவதில்லை என்ற நிலையில் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இது 'ஜாமா' சஞ்சிகையில் 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கோழியா, முட்டையா?

நுரையீரல் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. நோய் கடுமையாக உள்ளவர்களிடம் அது இன்னும் குறைவு. 'அப்படியானால் வைட்டமின் டி குறைந்ததால்தானே நோய் முற்றியது?' என்று கேட்கத் தோன்றும்.

சற்றுத் திருப்பிப் பாருங்கள். பல்லாண்டு புகைபிடித்ததால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, வந்த ஒரு முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியிலிருந்து காப்பிக்கடை வரை நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். மெல்ல மெல்ல வெளியே போவதையே விட்டுவிடுகிறார். பசியும் குறைகிறது. வெயில் படாத, சரியாகச் சாப்பிடாத உடலில் வைட்டமின் டி குறையாமல் என்ன செய்யும்? இங்கே நோய் முன்னால் வருகிறது. குறைபாடு அதன் பின்னால் வருகிறது. குறைபாட்டை மாத்திரையால் நிரப்பினால் இரத்தச் சோதனை அறிக்கை அழகாகும். நுரையீரல் அப்படியே இருக்கும்.

ஆண்டு முழுதும் வெயில் காயும் சிங்கப்பூரில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்றும் கேட்கலாம். வகுப்பறை, அலுவலகம், ரயில், பேரங்காடி என்று நம் நாள் கூரைக்குக் கீழேயே கழிகிறது. வைட்டமின் டியைத் தோலில் உண்டாக்கும் புறஊதாக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. தோலின் கருமை கூடக்கூட அதே அளவு வைட்டமின் டி உருவாக அதிக நேரம் வெயில் பட வேண்டும். இங்குள்ள சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் வைட்டமின் டி குறைவாக இருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. ஆக, நம் வீடுகளில் யாருக்காவது குறைபாடு இருந்தால் அது வியப்பான செய்தியே இல்லை. அந்தக் குறைபாட்டுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி.

87 பேர் சொல்லும் செய்தி

சிஓபிடி விவகாரத்தில் விடை சற்றுச் சிக்கலானது.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 182 நோயாளிகளுக்கு ஓராண்டு வைட்டமின் டி கொடுத்து நடத்திய ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. லண்டனில் 240 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. மொத்தத்தில் பார்த்தால் இரண்டிலும் நோய் திடீரென முற்றுவது தடுக்கப்படவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது.

2019ஆம் ஆண்டில் 'தோராக்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு, மூன்று ஆய்வுகளில் பங்கேற்ற 469 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. இரத்தத்தில் வைட்டமின் டி லிட்டருக்கு 25 நானோமோலுக்கும் கீழே இருந்தவர்களுக்கு நோய் முற்றும் தடவைகள் 45 விழுக்காடு குறைந்தன. 25க்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் இல்லை.

45 விழுக்காடு என்பது பெரிய எண். ஆனால் அது எத்தனை பேரைப் பற்றியது? 469 பேரில் 87 பேர். மற்ற 382 பேருக்கு மாத்திரை சாப்பிட்டதும் சாப்பிடாததும் ஒன்றே. செய்தியில் விழுக்காட்டைப் பார்த்தவுடன் 'எத்தனை பேரில், எப்படிப்பட்டவர்களில்?' என்று கேட்கும் பழக்கம் இங்கே நமக்குக் கைகொடுக்கும்.

ஒரு பெரிய குழுவைச் சிறுசிறு பிரிவுகளாகப் பிரித்துக்கொண்டே போனால், ஏதாவது ஒரு பிரிவில் தற்செயலாகவும் பலன் இருப்பதுபோல் தோன்றலாம். அதனால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே குறைபாடு உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். இரத்தத்தில் 15 முதல் 50 நானோமோல் வரை இருந்த 155 சிஓபிடி நோயாளிகளுக்கு ஓராண்டு வாரந்தோறும் 16,800 அலகு வைட்டமின் டி, அல்லது மருந்துச் சத்து இல்லாத மாத்திரை. 2022ஆம் ஆண்டில் வந்த முடிவு: இரு தரப்பினருக்கும் நோய் முற்றும் தடவைகளில் வேறுபாடு இல்லை.

ஆகவே நம் கையில் இருப்பது இவ்வளவுதான். குறைபாடு இல்லாதவர்களுக்கும் இலேசான குறைபாடு உள்ளவர்களுக்கும் வைட்டமின் டியால் நுரையீரலுக்கு நன்மை இருப்பதாகச் சான்று இல்லை. மிகக் கடுமையான குறைபாடு உள்ள சிலருக்கு நன்மை இருக்கலாம். சிஓபிடி சிகிச்சைக்கான அனைத்துலக வழிகாட்டியான 'கோல்ட்' அறிக்கையும் இந்த அளவோடுதான் நிற்கிறது: நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குக் கடுமையான குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், 25 நானோமோலுக்குக் கீழே இருந்தால் மாத்திரை கொடுக்கலாம். எல்லாருக்கும் கொடுங்கள் என்று அது சொல்லவில்லை.

'சத்து' என்ற சொல்

இவ்வளவு தெரிந்த பின்னும், ஒரு மாத்திரைதானே, போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. என் அத்தை ஒருவருக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா. வைட்டமின் டி மாத்திரையை ஒருநாள்கூட மறக்காமல் சாப்பிடுவார். ஆனால் நாள்தோறும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை மூச்சு முட்டும்போது மட்டும் தேடுவார். ஏன் அத்தை என்று கேட்டேன். "அது மருந்தும்மா, ஸ்டீராய்டு. பழகிடும். இது சத்துதானே, உடம்புக்கு நல்லது" என்றார்.

அவர் சொன்னதில் நம் மொழியே அடங்கியிருக்கிறது. வைட்டமின் மாத்திரையைத் தமிழில் 'சத்து மாத்திரை' என்கிறோம். சத்து என்றதும் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் நினைவுக்கு வருகின்றன. அது உணவுக்கு உறவு. எவ்வளவு சேர்ந்தாலும் நல்லதுதான் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. மருந்து என்றால் கசப்பு, பக்கவிளைவு, அச்சம். ஆங்கிலத்தில் பாடம் படித்துவிட்டு வீட்டில் தமிழில் விளக்க முற்படும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். ஆய்வு முடிவுகளைச் சொல்லிவிடலாம். சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கையை எப்படி அசைப்பது?

நான் அத்தைக்குச் சொன்னது இதுதான். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மூச்சுக்குழாய்க்கு நேராகப் போகிறது. அளவும் மிகச் சிறியது. அதைத் தவிர்த்தால் தாக்குதல் கடுமையாகும். அப்போது விழுங்க வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரைதான் உடல் முழுதும் பரவும். அஞ்சுவதென்றால் அதற்கு அஞ்சலாம். ஆஸ்துமாவுக்கான 'ஜீனா' என்ற அனைத்துலக வழிகாட்டி, மூச்சு முட்டும்போது மட்டும் பயன்படுத்தும் நிவாரண இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று 2019ஆம் ஆண்டிலிருந்தே சொல்லிவருகிறது. அத்தை உடனே ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது தாதியிடம் கேட்பதாகச் சொன்னார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வைட்டமின் டி நேரடியாகக் கெடுதல் செய்யாவிட்டாலும், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவைத் தந்து உண்மையான சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் அஞ்சுவது இதைத்தான்.

நேரடிக் கெடுதலும் இல்லாமல் இல்லை. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும். மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சிறுநீரகப் பாதிப்பு என்று தொடரும். மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் நாளுக்கு 4,000 அலகைத் தாண்டக்கூடாது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தயசைடு வகை மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் ஏறும் அபாயம் கூடுதல். நுரையீரலைத் தாக்கும் சார்கோய்டோசிஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கோ அந்நோயே வைட்டமின் டியின் செயலைத் தூண்டிவிடுகிறது. அவர்கள் தாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தாகவும் முடியலாம். 'நுரையீரல் நோய்க்கு வைட்டமின் டி நல்லது' என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு நோயே போதும்.

கடையில் விற்பதால் பரிசோதிக்கப்பட்டதுதான் என்றும் எண்ணிவிடக்கூடாது. சிங்கப்பூரில் மருந்துகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். சத்து மாத்திரைகளுக்கு அத்தகைய முன் ஒப்புதல் தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. அதே நேரத்தில், நோயைக் குணப்படுத்தும் அல்லது தடுக்கும் என்று அவற்றுக்கு விளம்பரம் செய்யவும் அனுமதி இல்லை. ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்று ஒரு சத்து மாத்திரை விளம்பரம் சொன்னால், அதை நம்பாமல் இருக்க அந்த ஒரு வரியே போதும்.

வீட்டில் கேட்க வேண்டியவை

வைட்டமின் டியை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. எலும்புக்கு அது தேவை. ஸ்டீராய்டு மாத்திரையை அடிக்கடி சாப்பிட வேண்டிய நுரையீரல் நோயாளிகளுக்கு எலும்பு தேய்வதால், மருத்துவரே கால்சியத்தோடு சேர்த்து அதை எழுதிக் கொடுப்பதுண்டு. அப்படிக் கொடுத்திருந்தால் நிறுத்தக்கூடாது.

வீட்டில் ஒருவர் நுரையீரலுக்காகத் தாமாகவே அதைச் சாப்பிட்டு வந்தால், நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இரத்தத்தில் அளவு பார்த்தார்களா, எவ்வளவு இருந்தது? நாளுக்கு எத்தனை அலகு சாப்பிடுகிறார், மருத்துவருக்குத் தெரியுமா? தடுப்பு இன்ஹேலரை நாள் தவறாமல், சரியான முறையில் இழுக்கிறாரா?

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. இன்ஹேலரைச் சரியாக இழுப்பது, புகைபிடிப்பதை விடுவது, ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது, சிஓபிடி நோயாளிகளுக்கான மறுவாழ்வு உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு உறுதியான சான்று உண்டு. ஆஸ்துமாவும் சிஓபிடியும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் சிகிச்சைச் செலவுக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். சத்து மாத்திரைக்குக் கையிலிருந்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பவர்கள், கிடைக்கும் உதவியைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமானது.

இவற்றில் எதுவும் வாட்ஸ்அப்பில் பரவும் அளவுக்குப் புதுமையானது அன்று. 'இன்ஹேலரை இழுக்கும் முன் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள்' என்ற செய்தியை யாரும் இருபது பேருக்கு அனுப்புவதில்லை. ஆனால் வீட்டில் இரு மொழியும் தெரிந்தவர்கள் நாம். 2016ஆம் ஆண்டுச் செய்தி அடுத்த முறை குடும்பக் குழுவில் வரும்போது, 2023ஆம் ஆண்டில் என்ன தெரியவந்தது என்று தமிழில் நான்கு வரி எழுதி அதன் கீழே இட நம்மால் முடியும்.